திங்கட்கிழமைத் தண்ணீர்

என் கணவர் ஆம்புரோஸ் சக்டன் ஆற்றைக் குன்றின்மேல் ஏற வைத்தவர். தான் கழற்றிப் போடும் சட்டை எங்கே போகிறது, எப்படி வெளுத்துத் திரும்பி வருகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வெதர்பெக்கில் நடந்த கூத்து புரியும்.

எங்கள் ஊர் வெதர்பெக் இங்கிலாந்தில், யார்க்ஷயரில் ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. ஆறு அடிவாரத்தில் ஓடுகிறது. ஊருக்கு இடம் பார்த்தவர்கள் ஆண்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தண்ணீர் சுமந்தது நாங்கள். தோளில் நுகத்தடி, இரண்டு முனையிலும் வாளி. மாட்டுக்கு நுகம் பூட்டுகிறவன்கூட முதுகைத் தட்டிக்கொடுப்பான்; எங்களுக்கு அதுவும் இல்லை. கல்யாணத்தன்று காலையிலும் நுகத்தடியோடு ஆற்றுக்குப் போய் வந்துவிட்டுத்தான் நான் தேவாலயத்துக்குப் போனேன். அந்த நுகத்தடி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஆம்புரோஸ் ஆலைத்தச்சர். இந்த வட்டாரத்தில் எந்த மாவாலையின் சக்கரத்தைக் கேட்டாலும் அவர் கைவேலை என்று சொல்வார்கள். சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை ஒருநாள் ஊர் மன்றம் அழைத்தது. மேயர் கிராப்ட்ரீ பீர் காய்ச்சி விற்கிறவர். மன்றத்தில் மற்றவர்களெல்லாம் அதை வாங்கிக் குடிக்கிறவர்கள். தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் பக்கத்து ஊரில் குழாய் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்துவிட்டது.

ஆம்புரோஸ் ஆற்றில் ஒரு நீர்ச்சக்கரம் வைத்தார். சக்கரம் சுற்றினால் பம்பு இயங்கும். பம்பு தண்ணீரைத் தள்ள, குடைந்தெடுத்த எல்ம் மரக் குழாய்கள் வழியாக அது சந்தைத் திடல் தொட்டிக்கு ஏறும். குழாய் நேராகத்தான் வந்திருக்க வேண்டும். மன்றத்தார் ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், அது மதுக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவன் நடக்கிற மாதிரி வளைந்து வளைந்து வந்து சேர்ந்தது.

அந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரே கேள்விக்கணை. ஒரு ஆள் எவ்வளவு குடிப்பான், குதிரை எவ்வளவு குடிக்கும், இறைச்சி வேகவைக்க எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் கேட்டார். துவைக்கிறதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்கட்டும் என்று நானும் காத்திருந்தேன்.

பாதிரியார் விண்டல் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை சக்கரம் சுற்றக்கூடாது. ஓய்வுநாளில் வேலை பாவம். மன்றம் ஒரே குரலில் ஒத்துக்கொண்டது. இனி சனிக்கிழமை சாயந்தரம் மதகை இறக்கிச் சக்கரத்தை நிறுத்துவது, திங்கட்கிழமை விடிந்ததும் மதகைத் தூக்குவது என்று முடிவாயிற்று.

திறப்புவிழா அமர்க்களமாக நடந்தது. மேளம், மாட்டிறைச்சி வறுவல், பீப்பாய் பீப்பாயாக பீர். மேயர் குழாயைத் திறந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து ஊரே கைதட்டியது. அதை முதலில் குடித்தவர் என்று அவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள்.

பிறகு திங்கட்கிழமை வந்தது.

எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமைதான் துவைக்கிற நாள். ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சியில் மிச்சம் இருக்கும், அன்றைக்கு அடுப்பு முழுவதையும் செப்பு அண்டாவுக்குக் கொடுத்துவிடலாம். ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அண்டா ஏறும். முதல் நாள் முழுவதும் சக்கரம் நின்றிருந்ததால், சமைத்தது குடித்தது போகத் தொட்டியின் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. வரிசையில் முன்னால் நின்ற சிலருக்கு வாளி நிறைந்தது. அதற்குப் பிறகு குழாய் இருமியது, அப்புறம் அதுவும் இல்லை.

சலவைக்காரி பெக்கி லம் கையில் சோப்புநுரையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஊரில் பெரிய வீடுகளின் துணியெல்லாம் அவள் கையில்தான்.

"ஏண்டி சூக்கி, உன் வீட்டுக்காரரு தண்ணி கொண்டாந்தாரா, தண்ணிக்கு ஆசை காட்டினாரா?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? ஆத்துப்பக்கம்தான் ஓடுறாரு, போய்க் கேளு."

ஆம்புரோஸ் ஓடிப்போய்ப் பார்த்தால் சக்கரம் ஜோராகச் சுற்றுகிறது. பம்பில் கோளாறு இல்லை. குழாயில்தான் ஓட்டை என்று முடிவு கட்டி, மன்றத்தார் வாசல்களையெல்லாம் தோண்டிப் போட்டார். ஓட்டை இல்லை. மறு திங்கட்கிழமையும் அதே கதை. அன்று வீட்டுக்கு வந்து, சேற்றுக்காலோடு நாற்காலியில் விழுந்தார்.

"சூக்கி, செவ்வாய்க்கிழமை தொட்டி வழியுது. புதன்கிழமை வழியுது. இந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் என்ன கேடு?"

"ஊரே துவைக்கிற நாளுங்க."

"எந்தத் திங்கட்கிழமை?"

"எல்லாத் திங்கட்கிழமையும்."

அவர் என்னைப் பார்த்தார். துவைக்காமல் குவிந்து கிடந்த தன் சட்டைகளைப் பார்த்தார். "எப்பலேருந்து?" என்றார்.

"உங்கம்மா உங்களுக்குத் துணி கட்டின நாள்லேருந்து. அதுக்கு முந்தியும் இருந்திருக்கும், நான் பாக்கல."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆற்றின் வேகத்தை ஓடும் இலையை வைத்தே சொல்லுகிற மனிதர். வாரத்தில் ஒருநாள் முழுவதும் தன் வீடே ஆவியில் மூழ்கிக் கிடப்பது அவர் கண்ணில் பட்டதில்லை!

மன்றம் கூடியது. தொட்டியைப் பெரிதாக்கினால் போதும் என்றார் ஆம்புரோஸ். பெரிதாக்கினால் மேயர் வீட்டு ஜன்னலை மறைக்குமாம். ஞாயிற்றுக்கிழமையும் சக்கரம் ஓடட்டும் என்றார். பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் ஆண்கள் மட்டும் கூடிய இடத்தில்தான் தோன்றக்கூடிய யோசனை ஒன்று தோன்றியது: இனி இந்த ஊரில் திங்கட்கிழமை யாரும் துணி துவைக்கக்கூடாது. மீறி இன்னொரு திங்கட்கிழமை தொட்டி வறண்டால் சக்கரத்தையே பிரித்துவிடுவது. பிரித்த ஓக் மரம் பீர்த் தொட்டி செய்ய ஆகும் என்று மேயர் அப்போதே கண்ணால் அளந்துகொண்டிருந்தாராம்.

"சக்கரத்தப் பிரிச்சிட்டா இனிமே என்னைய யாரு வேலைக்குக் கூப்பிடுவாங்க, சூக்கி?" என்றார் ஆம்புரோஸ்.

"உங்கள யாரு கூப்பிடுவாங்களோ தெரியாது. என்னைய ஆறு கூப்பிடும்."

சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். நுகத்தடி அங்கேயேதான் தொங்கியது. சில வாரங்களாகத்தான் என் தோள் ஆறியிருந்தது. மறுபடியும் அதைத் தூக்குவதா என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு பெக்கி வீட்டுக்குப் போனேன்.

"உத்தரவுன்னா உத்தரவுதான். திங்கட்கிழமை துவைக்க வேணாம்" என்றேன்.

"பின்ன என்னிக்கு?"

"தொட்டி ரொம்பியிருக்கிற அன்னிக்கு. சனிக்கிழமை."

பெக்கி கொஞ்சம் யோசித்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப காயறது?"

"ஞாயித்துக்கிழமை."

எங்கள் ஊரில் துணி காயப்போடுவது தேவாலயத்து வேலிச்செடி மேல்தான். வெயிலும் காற்றும் அங்கேதான் நன்றாக விழும். சனிக்கிழமை முழுவதும் ஊரே துவைத்தது. தொட்டியும் குறைவில்லாமல் கொடுத்தது. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் வேலியில் விரித்துவிட்டோம். அன்றிரவு தூற்றல் வேறு. காலையில் ஒன்றுகூடக் காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணியடித்தது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்தார்கள். வாசலுக்கு இரண்டு பக்கமும் வெதர்பெக்கின் அந்தரங்கம் முழுவதும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேயர் கிராப்ட்ரீயின் உள்கால்சட்டை நடுநாயகமாக, காற்றை நிரப்பிக்கொண்டு, பேச எழுந்த மன்றத்தாரைப்போல உப்பி நின்றது. பின்புறத்தில் பூப்போட்ட துணியில் ஒட்டு. மேயரம்மா தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பக்கத்தில் பாதிரியாரின் இரவுச்சட்டை அதன் இடுப்பில் கைபோட முயன்றுகொண்டிருந்தது.

பாதிரியார் வெளியே ஓடி வந்தார். "யார் செய்த வேலை இது? ஓய்வுநாள் அம்மா, ஓய்வுநாள்!"

"நாங்க ஓய்வாத்தானே நிக்கிறோம் ஐயா," என்றாள் பெக்கி. "துவைச்சது நேத்து. இன்னிக்கு யாரும் கைய அசைக்கல. துணி தானாக் காயுது."

"எடுங்கள் எல்லாவற்றையும்!"

"அய்யய்யோ! எடுக்கறது வேலையாச்சே. எடுத்து மடிச்சு கூடையில வெச்சு... அவ்வளவு பாவத்துக்கு நான் ஆளில்ல."

மேயர் முகம் சிவந்து, தானே போய்த் தன் சொத்தைப் பிடுங்க ஒரு அடி வைத்தார். பாதிரியார் அவரைப் பார்த்தார். வைத்த அடியை மேயர் எடுத்துக்கொண்டார்.

"காத்து வேலை செய்யுதே, அது பாவமில்லையாக்கும்?" என்றார் பாதிரியார். கோபத்தில் அவருக்கும் எங்கள் பேச்சு வந்துவிட்டது.

"காத்த விடறது கர்த்தர் இல்லீங்களா?" என்றேன் நான். "அவரு விடற காத்து ஞாயித்துக்கிழமை துணிய ஆட்டலாம்னா, அவரு விடற ஆறு சக்கரத்த ஆட்டக்கூடாதா? எங்களுக்கு என்ன தெரியும், நீங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் வாராவாரம் இங்கதான் காயணும்."

அன்றைய பிரசங்கம் பாதியில் நின்றது. ஜன்னல் வழியாக உள்கால்சட்டை தெரிந்துகொண்டே இருந்தது. மறுவாரத்துக்குள் பாதிரியாருக்குத் தெளிவு பிறந்துவிட்டது. ஆறு ஓடுவது தேவ கட்டளை; சனிக்கிழமை மதகை இறக்கி அதைத் தடுப்பதே மனிதன் செய்யும் வீண் வேலை; ஆகவே சக்கரத்தை நிறுத்துவதுதான் பாவம் என்று முழங்கினார். மன்றம் இதற்கும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டது. சக்கரம் தப்பியது. இந்த ஞானத்தை அருளியவர் என்று கல்லில் பாதிரியார் பெயரையும் வெட்டினார்கள். ஆம்புரோஸ் பெயருக்குக் கல்லில் இடமில்லை. அதைப்பற்றி அவர் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை தொட்டி வழிய வழிய நின்றது. வாளியைக் கொண்டுபோய் நிரப்பினேன், நடந்தேன், வீடு வந்துவிட்டது. அவ்வளவுதான். அண்டாவை ஏற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த நுகத்தடியை எடுத்து அடுப்பில் செருகினேன்.

வாசனை பிடித்துக்கொண்டு ஆம்புரோஸ் ஓடி வந்தார். "அடிப்பாவி, எவ்வளவு நல்ல மரம்! பம்புக்குக் கைப்பிடி பண்ணியிருப்பேனே!"

"சட்டையக் கழட்டிக் குடுங்க. தண்ணி கொதிக்குது" என்றேன்.

கழற்றிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். சட்டை அண்டாவுக்குள் போவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். நுகத்தடி பதிந்து தடித்த தோளைத் தடவிக்கொண்டு, நான் அடுப்பை ஊதினேன்.