சிக்ஸ்டனின் பழைய சீட்

"இது எப்பவாச்சும் மோதியிருக்கா?"

கார் சீட் யார் கொடுத்தாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். என் அக்கா ஹில்லெவி சனிக்கிழமை அதை அம்மாவிடம் கேட்டாள். சமையலறை மேசை மேல் என் தம்பி சிக்ஸ்டனின் பழைய சீட் இருந்தது. பக்கத்தில் காப்பி. ஹில்லெவியின் மடியில் அவள் மகன் ஃபோல்கே, பதினாறு மாதம். அவன் கைக்குழந்தைச் சீட் சின்னதாகிவிட்டது, தலை மேலே முட்டுகிறது. அடுத்த சீட் வேண்டும். நான்கு, ஐந்து வயது வரை பின்பக்கம் பார்த்தபடி உட்காரும் பெரிய சீட்.

"என் வீட்டு சீட் எப்படி மோதும்?" என்றாள் அம்மா. "வாங்குன நாள்லேருந்து எங்க கைய விட்டு எங்கயும் போனதில்ல. அதோட கதை முழுக்க எனக்குத் தெரியும்."

"அதான் வேணும். முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட வாங்க மாட்டேன். கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க."

பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். சும்மாதான். நான் ரொட்டியில் சீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல," என்றேன்.

இப்போது திங்கட்கிழமை இரவு, மணி ஒன்று. இந்த வடகோடியில் ஜூன் மாதம் இரவிலும் சூரிய வெளிச்சம் போகாது, வெளியே இருட்டவே இல்லை. திரையை மூடினாலும் ஓரத்தில் வெளிச்சம் வருகிறது. தூக்கமும் வரவில்லை. வீட்டில் எல்லாருக்கும் பாதி தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் எனக்குப் பதினைந்து வயது. ஏபா வண்டி வாங்கி ஒரு மாதம். பழைய காரின் பின்பாதியை எடுத்துவிட்டுப் பலகை வைத்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்ட வண்டி அது. பின்னால் சிவப்பு முக்கோணம் ஒட்டியிருக்கும். எங்கள் ஊரில் பதினைந்து வயதானவர்கள் எல்லாரும் அதில்தான் பள்ளிக்கூடம் போவோம். அந்த வேகக் கட்டை அவிழ்க்காதவர்கள் ரொம்பக் குறைவு. என் வண்டியின் கட்டை என் நண்பன் மெல்கர் அவிழ்த்தான். எழுபது போகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. சிக்ஸ்டனைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவர அம்மா தன் தோழியை ஏற்பாடு செய்திருந்தாள். நான் அந்தத் தோழிக்குச் செய்தி அனுப்பி, நானே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு என் வண்டியைக் காட்டும் ஆசை, அவ்வளவுதான். அம்மா காலையில் விட்டுப்போன சீட் பாலர் பள்ளி வராந்தாவில் இருந்தது. அதை என் பக்கத்து இருக்கையில் பின்பக்கம் பார்த்து மாட்டினேன். வார்களை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அதில் மட்டும் நான் தப்பு செய்யவில்லை.

முன்பு பால் கேன்களை வண்டிக்கு வைத்த பழைய பால் மேடை இருக்கிற வளைவில் பனிமான் கன்று ஒன்று குறுக்கே வந்தது. வலது மூலையில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை, ஈரத் துணி மூட்டை விழுந்த மாதிரி. வண்டி பள்ளத்தில் இறங்கி ஒரு அடிமரத்தில் மோதி நின்றது. சிக்ஸ்டனின் சீட் முதுகுப்பக்கமாகப் போய் முன்பலகையில் மோதியது.

அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னொரு தடவ!" என்றான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவன் முகம் சாலையைப் பார்த்து இருந்தது. பின் கண்ணாடி வழியாக நாங்கள் வந்த வழி முழுக்க அவனுக்குத் தெரியும்.

"அது எழுந்துடுச்சு, தூவா."

"எது?"

"அது. நம்மளையே பாக்குது." சொல்லிவிட்டுக் கையை ஆட்டினான்.

நான் திரும்பிப் பார்த்தேன். சாலை, மரம், இருட்டத் தொடங்கிய வானம். ஒன்றும் இல்லை.

பனிமானை இடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இடத்தில் ஒரு துணியையோ பையையோ கட்டிவிட்டுப் போலீசைக் கூப்பிட வேண்டும். அது காட்டு மான் இல்லை, பனிமான் மேய்க்கிற சாமி இனத்துக் குடும்பம் ஒன்றின் சொத்து. காயப்பட்டு அலைந்தால் உரியவர்கள் தேடிப் பிடித்து வலியை முடித்துவிடுவார்கள். போலீஸ் வந்தால் வண்டியைப் பார்ப்பார்கள், கட்டு அவிழ்த்தது தெரியும், எனக்குக் கார் ஓட்டும் உரிமம் தள்ளிப்போகும். நான் மெல்கரைக் கூப்பிட்டேன். அவன் அவர்கள் வீட்டு டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தான்.

அம்மாவிடம், சிக்ஸ்டனை வீட்டில் விட்டபிறகு தனியாகப் போய் வழுக்கியதாகச் சொன்னேன். சிக்ஸ்டனுக்கு ஒரு பை மிட்டாய் கொடுத்தேன். எங்கள் வீட்டில் மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை மிட்டாய் தின்றவன் அந்த ரகசியத்தை அம்மாவிடம் சொல்வானா? வாயே திறக்கவில்லை.

அன்றைக்கு சீட்டின் துணியைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளை நுரைப்பலகையில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு விரிசல், முடி அகலம். துணியைத் திரும்பப் போட்டால் தெரியவே இல்லை.

ஒரு தடவை மோதின சீட் அடுத்த மோதலில் தாங்காது. இது பாலர் பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். அப்படியும் ஏழு மாதம் அம்மாவின் காரில் அந்தச் சீட்டில்தான் சிக்ஸ்டன் போனான். ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் கையை ஆட்டினான். அம்மா சிரிப்பாள். "யாருடா அங்க?" "நம்ம ஆளு," என்பான். மே மாதம் அவனுக்கு ஐந்து வயது முடிந்து, முன்பக்கம் பார்க்கும் உயரமான சீட் வந்தது. எல்லாக் குழந்தையும் அதற்குக் குதிக்கும். இவன் ஒரு வாரம் அழுதான். அம்மா இல்லாதபோது என்னிடம் காரணம் சொன்னான்.

"நான் முன்னாடி பாத்தா அதை யாரு பாக்கறது? அது கிட்ட வந்துடும்ல?"

சனிக்கிழமை முழுக்க நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஹில்லெவி, இது நாத்தம் அடிக்குது. ரெண்டு தடவ இவன் வாந்தி எடுத்திருக்கான்."

"ஃபோல்கே எடுக்கற வாந்திக்கு இது சொர்க்கம்."

"கலர் பாரு, பழைய உருளைக்கெழங்கு மாதிரி. புதுசு வாங்கேன், லிக்செலே டவுன் கடையில உன் கார்லயே மாட்டிப் பாத்துக் குடுப்பாங்க."

"ஐயாயிரத்து அறுநூறு குரோனா நீ தர்றியா? ஏபா ராணி! உன் வண்டிக்கு நாலு டயர் வாங்கவே அம்மாகிட்ட கெஞ்சுன."

"அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றாள் அம்மா. "குழந்தை சீட் மேல இவ்வளவு அக்கறை. எங்கேயோ உதைக்குதே. தூவா, ஏதாச்சும் விசேஷமா?"

"அம்மா!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிக்ஸ்டன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். அன்றைக்கு அவன் கையில் அவனுக்கு உரிய சனிக்கிழமை மிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டை ஹில்லெவியின் காரில் பின் இருக்கையில் மாட்டினார்கள். எல்லா சீட்டும் எல்லாக் காரிலும் உட்காராது. தாங்குகால் தரையில் ஊன்றுகிறதா, கீழ்வார் விறைப்பாக நிற்கிறதா என்று அவள் முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. "பாத்தியா," என்றாள். எதிரில் சின்னக் கண்ணாடியை மாட்டினாள், ஓட்டும்போது குழந்தை முகம் தெரிவதற்கு.

"வா, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

சிக்ஸ்டன் வரவில்லை. நான் முன்னால் உட்கார்ந்தேன். அவள் எண்பதில் ஓட்டினாள். ஃபோல்கே அந்த விரிசல் மேல் சாய்ந்து சூப்பானைச் சப்பிக்கொண்டிருந்தான். சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், அவள் தன் ஊர் ஊமெயோவுக்குக் கிளம்புவதற்குள் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பால் மேடை வந்தது. கடந்தோம். கண்ணாடியில் பார்த்தேன், ஃபோல்கே சூப்பானை வாயிலிருந்து எடுத்தான். பின்னால் சாலையைப் பார்த்தான். மெதுவாகக் கையைத் தூக்கி ஆட்டினான்.

"நிறுத்து!"

"என்ன?"

"ஹில்லெவி, வண்டிய நிறுத்து. அது மோதுன சீட்."

அவள் ஓரமாக நிறுத்தினாள். நான் சொல்லச் சொல்ல அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய் ஃபோல்கேயைத் தூக்கினாள், துணியை ஒரே இழுப்பில் கழற்றினாள். விரிசல் இப்போது விரல் நுழைகிற அகலம்.

"நேத்து கேட்டேன்ல," என்றாள்.

"ம்."

"உன்னைப் பாத்துக் கேட்டேன்ல, தூவா?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் போனை எடுத்தாள். "அம்மா, பால் மேடை வளைவுக்கு வா. இவனோட சின்ன சீட்டை எடுத்துட்டு வா. முட்டினாலும் பரவால்ல, மோதாத சீட். அப்புறம் பெரிய கத்திரி." அம்மா என்னவோ கேட்டாள். "எதுக்குன்னு உன் பொண்ணு சொல்லுவா."

அம்மா வர இருபது நிமிடம் ஆனது. ஹில்லெவி பால் மேடையில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் நின்றேன். கொசு மொய்த்தது. ஃபோல்கே மரங்களுக்கு நடுவே ஒரே இடத்தைப் பார்த்து இரண்டு தடவை கை ஆட்டினான்.

"அவன் யாருக்குக் கை காட்டறான்?" என்று கேட்டேன்.

"குப்பைத் தொட்டிக்குக்கூடத்தான் கை காட்டுவான். என்கிட்ட பேசாத."

அம்மா வந்தாள். சிக்ஸ்டன் அவள் காரை விட்டு இறங்கவில்லை. நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். ஏழு மாதம் சிக்ஸ்டன் அதில் உட்கார்ந்தான் என்கிற இடம் வந்தபோது அம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கத்திரியை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வெட்டு."

மோதின சீட்டைக் குப்பைக்குப் போடுமுன் வார்களை வெட்டிவிட வேண்டும், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாமலிருக்க. அந்த வார் லேசில் வெட்டுப்படாது. நான் சாலையோரம் உட்கார்ந்து அறுத்தேன். ஐந்து துண்டு. கட்டைவிரலில் தோல் உரிந்தது. யாரும் உதவவில்லை, யாரும் போகவும் இல்லை. முடிந்ததும் அம்மா, "இப்ப போலீசைக் கூப்பிடு," என்றாள்.

கூப்பிட்டேன். வண்டியைப் பற்றியும் சொன்னேன். உரிமம் என்ன ஆகும் என்று தெரியாது.

இன்று மத்தியானம், ஹில்லெவியும் அம்மாவும் புது சீட் வாங்க லிக்செலே போயிருந்தபோது, எனக்கு ஒரு போன் வந்தது. மாய்யா என்று ஒரு பெண், போலீஸ் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். கன்று அவளுடையது.

"காதுல என் குறி இருந்துச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன்," என்றாள்.

"மன்னிச்சிடுங்க. எழுந்து போயிடுச்சுன்னு நெனச்சேன். தம்பி சொன்னான்."

"பாதி எழுந்துச்சு. பின்னங்கால் ரெண்டும் போச்சு, முன்னங்காலை ஊனி எழும்ப முயற்சி பண்ணியிருக்கு. சேறு முழுக்கத் தடம். ரெண்டு நாள் உசுரோட, பால் மேடைக்குப் பின்னாடி. சாலையப் பாத்தே கெடந்திருக்கு. கூப்பிட்டிருந்தா அன்னிக்கு ராத்திரியே முடிச்சிருப்பேன். எத்தனை வயசு உனக்கு?"

"பதினாறு."

"சரி," என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் நான் அந்த வளைவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தேன், அம்மாவின் காரில். பின் இருக்கையில் சிக்ஸ்டன் கை ஆட்டினான். அவன் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

இந்த போனைப் பற்றி நான் வீட்டில் சொல்லவில்லை. ஃபோல்கே யாருக்குக் கை ஆட்டினான் என்று நான் நினைப்பதையும் சொல்லவில்லை. சிக்ஸ்டனிடம் மட்டும் தூங்கப் போகும்போது கேட்டேன், ஃபோல்கேக்கு நீ சொல்லிக் கொடுத்தியா என்று.

"என்னத்த?"

"கை காட்ட."

"இல்லயே." போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். "புது சீட்லயும் அவன் பின்னாடிதானே பாப்பான்?"

"ஆமா. நாலு வயசு வரைக்கும்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலை ஏழு மணிக்கு ஹில்லெவி ஊமெயோ கிளம்புகிறாள். இப்போதும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் லிக்செலே வரை வருகிறாயா, குழந்தைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். புது சீட் கூடத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. நான் போய் அதன் முதுகை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டேன்.

பால் மேடை வளைவில் ஃபோல்கே கையைத் தூக்கினால், இந்த முறை நானும் திரும்பிப் பார்ப்பேன்.