அரை நிமிஷ அழுகை

இடது தோள் பிடித்துக்கொண்டது. அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக் கூடத்துக் கட்டிலில் தூக்கிக் கிடத்தியதில் நரம்பு எங்கேயோ இசகுபிசகாகி, கையை உயர்த்த முடியவில்லை அவளுக்கு. கால்பக்கம் பிடித்த அண்ணன் மூச்சு வாங்கியபடி அவள் கண்ணையே பார்த்தான். விடிந்ததிலிருந்து அதே பார்வைதான். அந்தக் கண் காய்ந்து கிடந்தது.

"நாலு மணிக்கு வண்டி வந்துடும். அதுக்குள்ளயாவது ஒரு சொட்டு கண்ணீர் விடு" என்றான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை, எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "காசு குடுத்தா அழத் தெரியுது. பெத்தவனுக்கு வரமாட்டேங்குதாக்கும்."

அவள் தையல் கம்பெனிக்காரி. லீவு நாளில் படப்பிடிப்புக்குப் போய்க் கூட்டத்தோடு நிற்பாள். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை டைரக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். செத்துப்போன கூலிக்காரனின் மகள் வேஷம். வலது கையால் நெஞ்சில் அறைந்து, முகத்தை இடப்பக்கம் திருப்பி அழ வேண்டும். கேமரா அங்கேதான். படத்தில் அரை நிமிஷம் வந்தது.

அப்பா முப்பது வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கியவர். வாரம் ஒரு சினிமா. பிடிக்கவில்லையென்றால் பாதியில் எழுந்து வந்துவிடுவார். அதனால் கிடங்கில் அவர் பெயரே 'இடைவேளை'. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடிய நடிகனை, "மூட்ட தூக்கறானாம். கழுத்துல ஒரு நரம்பு பொடைக்கல. உள்ள பஞ்சுடா" என்றார். விருது வாங்கிய டைரக்டரை, "ஏழை வீட்டைக் காட்டறான், அங்க ஒருத்தனுக்கும் முதுகு வலிக்கல" என்றார். மகளுக்கும் சலுகை கிடையாது.

"நீ அழல. அழறாப்புல காட்டின. நெசமா அழுகை வந்தா மனுஷன் அதை மறைக்கத்தான் பாப்பான்."

நாலு மாசம் அவரோடு பேசவில்லை. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அவரே பேச்சைத் தொடங்கினார். "அடுத்த தடவ ஒழுங்கா செய். பாத்துட்டுச் சொல்றேன்." "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான் கடைசிப் பேச்சு.

அத்தை எழுந்து வந்து அவள் பிடரியைப் பிடித்து அப்பாவின்மேல் சாய்த்தாள். "அழுடி!"

சோப்பு வாசனை. அதற்கும் அடியில் சாக்கு வாசனை. அழுகை மேலே வந்தது. வலது கை தானாக உயர்ந்து நெஞ்சில் அறைந்தது. முகம் இடப்பக்கம் திரும்பியது.

அங்கே யாரும் இல்லை. அலமாரிதான் இருந்தது.

கை அப்படியே நின்றது. வந்ததை விழுங்கினாள்.

"என்ன, டைரக்டர் சொல்லணுமா?" அண்ணன் அவளுடைய இடது கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

"விடுறா அவள." அப்பாவோடு மூட்டை தூக்கியவர், அவள் மாமா என்று கூப்பிடுகிறவர், வாசலிலிருந்து உள்ளே வந்தார். "உங்கப்பன் முழுசா பாத்தது ஒரே படம். இவ படம். இவ வர்றது இடைவேளைக்கு முன்னாடியே முடிஞ்சிபோச்சி. கண்றாவிப் படம், எந்திரிடான்னேன். கேக்கல. கடைசில பேரு ஓடும்ல, அதுல இவ பேரு வருதான்னு பாக்கணுமாம். வரல. பெருக்கறவன் வந்து எழுப்பி விட்டான்."

"எங்கிட்டச் சொல்லலையே மாமா."

"சொன்னா அவன் இடைவேளையா?"

வண்டி ஹாரன் அடித்தது. ஆண்கள் எழுந்தார்கள். தலைமாட்டில் ஒரு ஆள் குறைந்தது. அவள் போய் நின்றாள்.

"உனக்குத் தோள்..." என்றான் அண்ணன்.

"தூக்கு."

தூக்கினார்கள். அவள் கழுத்தில் நரம்பு விரல் தண்டிக்குப் புடைத்தது. கால்பக்கம் தூக்கிய மாமா அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் தெருவை நோக்கி முன்னால் நடந்தார். வண்டிக்குள் அப்பாவை வைத்துவிட்டு, சாக்கு உராய்ந்து காய்த்துப்போன அவர் தோளை மூடித் துணியை இழுத்துவிட்டாள். கதவைச் சாத்தினார்கள்.

அப்பாவுக்கு ஒரு அழுகை பாக்கி.