செயினுக்கு எண்ணெய் விடும் நேரம்

சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டு வண்டி ஷெட்டில் கூடியிருந்தவர்கள்: கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல், கையில் செயின் ஸ்ப்ரேயுடன் என் கணவர். அவருக்கு எதிரே, கூடத்திலிருந்து தூக்கிவந்த ஒரே நல்ல நாற்காலியில் என் அண்ணன். ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள படியில் காலை நீட்டிக்கொண்டு அண்ணி. இஸ்திரி மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, தாள், பேனா, உறை, பசை சகிதம் நான். நடுவில், சைடு ஸ்டாண்டின் தயவில் இடப்பக்கம் சாய்ந்தபடி வண்டி.

பேச வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று. அது தூரப் பயணத்துக்கென்றே வாங்கிய வண்டி. காற்றைத் தடுக்கும் உயரமான கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நோகாத சீட்டு என்று எல்லாம் கொடுத்த கம்பெனி, சென்டர் ஸ்டாண்டை மட்டும் கொடுக்கவில்லை. வெளியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அளவு அனுப்பினால் செய்து கொடுக்கிறார். பட்டறைச் சத்தத்தில் அவருக்கு போன் கேட்காது, கடிதம்தான். 'வேண்டுமென்றாலும் எழுதுங்கள், வேண்டாமென்றாலும் எழுதுங்கள். இரும்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது' என்று கார்டு போட்டிருந்தார். இந்த வருட மலைப் பயணத்துக்கு முன் ஸ்டாண்டு வந்து சேர வேண்டுமானால், மாலைத் தபால் எடுப்பதற்குள் எங்கள் பதில் பெட்டியில் விழ வேண்டும். பெறுநர், பொருள், ஐயா வரைக்கும் எழுதிவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்ற இடத்தில் நான் பேனாவை நிறுத்தியிருந்தேன்.

"போடணும். இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு மச்சான்?" என்று என் கணவர் தொடங்கினார்.

"பேசுறதுக்கு ஒண்ணுமில்லைன்னா எதுக்கு மாப்பிள்ளை எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சீங்க? வேண்டாம். வெயிட்டு ஏறும். அடியில ஒரு கட்டை தொங்குற மாதிரி தொங்கும். மலைப்பாதையில வளைவுல சாய்க்கும்போது தரையில உரசும்."

"நீங்க சாய்க்கிற சாய்ப்புலயா?" என்றாள் அண்ணி. "இவர் வண்டி ஓட்டின காலத்துல வளைவு வந்தா இறங்கித் தள்ளிட்டுப் போவார் அண்ணே."

"நீ சும்மா இரு."

"பின் சக்கரம் பங்க்சர் ஆனா என்ன பண்ணுவீங்க?" என் கணவர் விடவில்லை.

"ட்யூப் இல்லாத டயர். ஆணியைப் புடுங்கிட்டு அடைச்சா முடிஞ்சது."

"சேத்துல நிறுத்தினா சைடு ஸ்டாண்டு புதையுதே?"

"அதுக்குத்தான் தகர மூடி வச்சிருக்கோமே. ஸ்டாண்டுக்கு அடியில போட்டா புதையாது."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன மூடி?"

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் வண்டியைப் பார்த்தார்கள். என் கணவர் பெட்டியைத் திறந்து, சப்பையாக மிதிபட்ட ஒரு வட்டத் தகரத்தை எடுத்துக் காட்டினார். அதில் பாதி அழிந்த ரோஜாப்பூ ஒன்று இருந்தது.

"என் பிஸ்கட் டின்னு மூடி! ரெண்டு வருஷமா வீடு பூரா தேடுறேன். எலி தூக்கிட்டுப் போயிருக்கும்னு சொன்னீங்களே!"

"ஒரு எலி இல்ல, ரெண்டு" என்றேன் நான்.

அண்ணனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இந்த இருவரும் வருடத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு வண்டியில் மலைப்பக்கம் போய்வருவார்கள். நானும் அண்ணியும் பஸ்ஸில் பின்னால் போய்ச் சேருவோம். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் அண்ணனுக்கு இடது கை விரல்கள் மரத்துப்போயின. கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். டாக்டர் ஊசியால் குத்தினார், அண்ணனுக்கு உறைக்கவில்லை. கிளட்ச்சைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே தெரியவில்லை. தன் வண்டியை விற்றுவிட்டார். அதிலிருந்து மாப்பிள்ளையின் பின் சீட்டில்தான் பயணம்.

பின் சீட்டில் அவருக்கு வேலை கிடையாது. வழி சொல்ல போன் இருக்கிறது. மூட்டை கட்டுவதை என் கணவர் யாரிடமும் விடமாட்டார். மிச்சம் இருந்தது சாயங்கால வேலை ஒன்றுதான். நாள் முழுக்க ஓடிய செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒருவரே முடித்துவிடலாம். இல்லாவிட்டால் ஒருவர் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, காலால் உந்தி உந்திச் சாண் சாணாக நகர்த்த வேண்டும். இன்னொருவர் குந்தியபடி கூடவே நகர்ந்து எண்ணெய் அடிக்க வேண்டும். ஏறி உட்காருகிறவர் அண்ணன். உட்காருவது முன் சீட்டில்.

போன பயணத்தில் லாட்ஜ் ஜன்னலிலிருந்து இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செயின் வேலை முடிந்து என் கணவர் ஸ்ப்ரேயை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அண்ணன் இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி காலால் உந்திக்கொண்டே முற்றத்தை ஒரு சுற்று வந்தார். என் கணவர் பக்கத்திலேயே ஏதோ பேசிக்கொண்டு நடந்தார். பிறகு இன்னொரு சுற்று. லாட்ஜ் காவல்காரர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று ஓடிவந்து விசாரித்தார்.

இனி ஷெட்டுக்கு வருகிறேன்.

"பேசிட்டே இருந்தா ஆகாது. கண்ணால பாத்துடுங்க" என்று என் கணவர் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் இதே வண்டி, சென்டர் ஸ்டாண்டோடு இருந்தது. அதை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, காலால் ஸ்டாண்டை மிதித்துப் பின்பிடியைத் தூக்கினார். வண்டி ஒரு முனகலோடு எழும்பி நேராக நின்றது. ஒரு விரலால் பின் சக்கரத்தைச் சுண்டினார். அது சரசரவென்று சுற்றியது. மறுகையால் ஸ்ப்ரேயை அடித்தார். நான் பேனா மூடியைத் தேடி எடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா மச்சான்? ஒத்த ஆள் போதும்!"

அண்ணன் வழக்கம்போல வண்டிமேல் ஏறப் பாதி எழுந்திருந்தார். அப்படியே நின்றார். இடது கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "போட்டுடுங்க மாப்பிள்ளை."

"அப்படி வாங்க வழிக்கு!"

"அப்புறம்... இந்த வருஷம் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. எனக்கு வீட்டுல வெள்ளையடிக்கிற வேலை கிடக்கு."

"எந்த வீட்டுல?" என்றாள் அண்ணி. "நம்ம வீட்டுக்கு இப்பத்தானே அடிச்சோம்? தலைமுடியில இருந்த பெயிண்டு கூட இன்னும் போகல உங்களுக்கு."

"பின்பக்கச் சுவர் பாக்கி."

"அது பக்கத்து வீட்டுக்காரங்க சுவருங்க."

என் கணவருக்கு அப்போதும் எதுவும் எட்டவில்லை. சக்கரத்தை இன்னொரு தடவை சுண்டிவிட்டு, அது சுற்றும் அழகைத் தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, பசை காஞ்சு போயிருக்கு, கொஞ்சம் உள்ள வந்து தண்ணி விட்டுக் குடுங்க" என்று கூப்பிட்டு, அண்ணன் ஏன் பின்வாங்குகிறார் என்று சமையலறையில் வைத்துச் சொன்னேன். லாட்ஜ் ஜன்னலிலிருந்து பார்த்ததையும் சொன்னேன்.

பசைப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "நான் என்ன, செயினுக்கு எண்ணெய் விடவா உன் அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன்?"

"அதை எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்?"

"அவர்கிட்ட எப்படிச் சொல்றது? கேலி பண்ணுவாரே."

திரும்பிப் போய் வாளியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "மச்சான், யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது சரிதான். வெயிட்டு ஜாஸ்தி."

அண்ணன் சந்தேகமாகப் பார்த்தார். "என்ன பெரிய வெயிட்டு? ஒரு அரிசிப் பை கூட இருக்காது."

"வளைவுல உரசும்."

"உங்க வேகத்துக்கு உரசாது. மாட்டுவண்டியே உங்களைத் தாண்டிப் போகும்."

"இல்ல மச்சான், அடியில கட்டை மாதிரி தொங்கும்..."

"தொங்காது. மடங்கி உள்ள போயிடும். இப்பத்தானே பாத்தோம்? பங்க்சர் ஆனா சுலபமா இருக்கும். சேத்துல புதையாது. இவ டின்னு மூடியும் தப்பிக்கும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். "ஏம்மா, உள்ள போன நேரத்துல இவங்க ரெண்டு பேரும் இடம் மாறி உக்காந்துட்டாங்களா?"

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை, மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. எனக்காகத்தான் வேண்டாம்ங்கிறீங்களா? அப்படின்னா கண்டிப்பாப் போடுங்க. எனக்கு யாரும் விட்டுக்குடுக்க வேண்டாம்."

என் கணவர் ஸ்ப்ரேயைக் குலுக்கினார். உள்ளே இருந்த சின்ன இரும்புக் குண்டு கடகடவென்று ஓடியது. குலுக்குவதை நிறுத்தவே மாட்டாரோ என்று நினைத்தேன்.

"உங்களுக்காக இல்ல, எனக்காக" என்றார். "ரோட்டுல போகும்போது ஹெல்மெட்டுக்குள்ள நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது. ரூமுக்குப் போனா நீங்க செருப்பைக் கழட்டுறதுக்குள்ள தூங்கிடுறீங்க. நாள் பூரா சேத்து வச்சதை நான் எப்ப பேசுறது? அந்தச் செயின் வேலைதான் இருக்கு. அதையும் ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டு, மிச்ச நேரம் நான் யார்கிட்டப் பேசுவேன், லாட்ஜ் காவல்காரர்கிட்டயா?"

அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"நான் அவ்வளவு சீக்கிரமாவா தூங்குறேன்?"

"குறட்டையோட" என்றாள் அண்ணி.

"நீங்க பேசுறதும் அப்படித்தான் இருக்கு மாப்பிள்ளை. கேட்டா தூக்கம் வருது." சொல்லிவிட்டு எழுந்தார். எதிர்வீட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வண்டிக்கு வந்து, காலைத் தூக்கிப் போட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். சைடு ஸ்டாண்டைக் குதிகாலால் தட்டி மடக்கினார். "சும்மா உக்காந்திருந்தா செயின் காஞ்சு போகும். வாங்க, எங்க விட்டோம்?"

"எங்கயும் விடல, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஒரு சாண் விடுங்க மச்சான்."

"சாணா? அரைச் சாண் போதும். எதுக்கு அவசரம்?"

"அண்ணே" என்று நான் குரல் கொடுத்தேன், "என்ன எழுதட்டும்? வேண்டாம்னு மட்டும் எழுதினா மரியாதையா இருக்காது. காரணம் வேணும்."

"வெயிட்டுன்னு எழுது பாப்பா."

"உரசும்னு எழுது" என்றார் கீழே குந்தியிருந்த என் கணவர்.

இரண்டையும் நான் எழுதவில்லை. 'ஐயா, தங்கள் கார்டு கிடைத்தது. செயின் வேலைக்கு எங்களிடம் ஆள் இருப்பதால் சென்டர் ஸ்டாண்டு தற்சமயம் தேவைப்படவில்லை. எடுத்து வைத்த இரும்பை வேறு ஒருவருக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"ஆளா?" அண்ணன் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். "நான் என்ன கூலிக்கா போறேன்?"

"கூலிக்குப் போறவங்க இவ்வளவு சாப்பிட மாட்டாங்க" என்றாள் அண்ணி. எழுந்து சமையலறைக்குள் போனவள், என்னுடைய பிஸ்கட் டின்னின் மூடியைக் கொண்டுவந்து வண்டிப் பெட்டிக்குள் போட்டாள். "இதையும் வச்சுக்கங்க. இந்தத் தடவை தூக்கினது யாருன்னு எல்லாரும் பாத்துக்கங்க."

"அண்ணி, அது என் டின்னு!"

"தெரியும்மா. என்னோடது ஏற்கெனவே போயிடுச்சே."

பசையில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. உறையை ஒட்டி, பிரியாமலிருக்க அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். காய்ந்ததும் எடுத்து, பெறுநர் முகவரியை ஒருமுறை சரிபார்த்து அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதை வலது கையால் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மறுபடி ஹேண்டில்பாரைப் பிடித்தார். தபால் பெட்டி இருப்பது தெருமுனையில். வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. அண்ணன் காலால் உந்த, என் கணவர் பேசிக்கொண்டே பக்கத்தில் நடக்க, கடிதம் போய்ச் சேர்ந்தது.