முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலிலிருந்து வந்தது. கம்பெனி இயக்குநர்களும் உரிமையாளர்களும் தாங்கள்தான் அவர்கள் என்று கைபேசிக் கேமராவில் முகம் காட்டி அரசுக்கு நிரூபிக்க வேண்டும். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. தவறினால் அந்தக் கம்பெனி தொழில் நடத்த முடியாது. மின்னஞ்சல் எனக்கு வந்தது. கதையில் அவளுக்கு வருகிறது. அவள் நானில்லை. அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் தைரியம் அதிகம். அதற்காகத்தான் அவளை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: “அன்று காலை வானம்

வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது தொடக்கம்: அவள் தராசுகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். ஒரே எடைக்கல்லை மூன்று முறை வைப்பாள். மூன்று அளவையும் எழுதுவாள். பிறகுதான் சான்றிதழில் கையெழுத்து. (ஒருமுறை நடுவில் தும்மிவிட்டாள் என்று மூன்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எடுத்தாள். ஆய்வகத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.)

இது இருக்கட்டும்.

3

அவளுடைய அண்ணன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி வைத்திருக்கிறான். ஆறு வருடங்களுக்கு முன் இரண்டாவது இயக்குநராக ஒரு ஆள் தேவைப்பட்டது. “சும்மா பேருக்குத்தான்” என்றான். அறிவியல் படித்தவள் என்பதால் ‘பாதுகாப்பு இயக்குநர்’ என்று போட்டான். அவள் தலையாட்டினாள். கூச்சக்காரர்கள் அடிக்கடி செய்கிற காரியம் அது.

ஆய்வகக் கட்டடத்தின் லிஃப்டும் அண்ணனின் பராமரிப்பில்தான் இருந்தது. உள்ளே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த தாளை அவள் படித்ததே இல்லை. மின்னஞ்சல் வந்த மறுநாள் படித்தாள். ‘சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது.’ கீழே அவள் பெயர், அவள் பதவி, அவள் போடாத கையெழுத்து. அவளுடையதைவிட அழகாக இருந்தது.

அடுத்த மாடியிலேயே இறங்கி, மீதியைப் படியேறினாள்.

4

(பேச்சு எழுத எனக்கு வராது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன். கேட்டதை என்றால், கற்பனை செய்ததை.)

வெள்ளிக்கிழமை, மணி நான்கு. அண்ணனின் அலுவலகம். மேசைக் கண்ணாடி மேல் கிரீஸ் படிந்த விரல் தடங்கள்.

“ஏய் விஞ்ஞானி, இன்னும் முடிக்கலையா? ரெண்டு நிமிஷ வேலை. மூஞ்சியக் காட்டு, கண்ணச் சிமிட்டு, போயிட்டே இரு.”

“அண்ணா, என் பேர்ல எத்தனை லிஃப்டுக்குக் கையெழுத்து போட்டிருக்க?”

“எல்லாத்துக்கும்தான். நாப்பத்தொண்ணு. ஒவ்வொரு தடவையும் உன்னை எங்க போய்த் தேடுறது?”

“பிரேக்கப் பார்த்தாங்களா? ரோப்பப் பார்த்தாங்களா? எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?”

“இருக்கிறதே ரெண்டு மெக்கானிக். அதுல ஒருத்தருக்கு முட்டிவலி. தினமும் ஓடுதுல்ல? ஓடுச்சுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“எங்க லேப்ல இப்படிச் சொன்னா...”

“உங்க லேப்ல தராசு கீழ விழுந்தா யாரும் சாகப்போறதில்ல!”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. மேசையில் இருந்த ஸ்பேனரை எடுத்தான். வைத்தான்.

“பாப்பா” என்றான், குரலை இறக்கி. “நீ காட்டலைன்னா கம்பெனி நின்னுடும். அந்த ரெண்டு குடும்பம் என்ன பண்ணும், சொல்லு.”

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவு: முகம் காட்டுகிறாள். பச்சை டிக் வருகிறது. நாற்பத்தொரு கையெழுத்தும் அவளுடையவை ஆகிவிடுகின்றன. நான், இல்லை, அவள் மறுபடியும் படியேறுகிறாள். அன்று இரவு அவள் தூங்

இன்னொன்று: காட்டவில்லை. கம்பெனி நிற்கிறது. லிஃப்டுகள் நிற்கவில்லை. இருந்த இரண்டு மெக்கானிக்குகளும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனக்குப் பிடித்தது: காட்டுகிறாள். பிறகு, நிரூபிக்கப்பட்ட இயக்குநராக, தன் சொந்தக் கோணல் கையெழுத்தில் கட்டடக்காரர்களுக்கு முதல் கடிதம் எழுதுகிறாள்: சோதித்து முடிக்கும்வரை நாற்பத்தொன்றையும் நிறுத்தி வையுங்கள். அதன் பிறகு அண்ணன் அவளை விஞ்ஞானி என்று கூப்பிட மாட்டான். பாப்பா என்றும் கூப்பிட மாட்டான்.

6

மணி நான்கு ஐம்பது. கைபேசித் திரையில் ஒரு வட்டம் காத்திருக்கிறது. அது அவள் கையில் இருக்கிறது என்று எழுதினால் நம்புவீர்களா?

அண்ணன் இதைப் படிக்கமாட்டான். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவன். நீங்கள் படித்துவிட்டீர்கள். மூன்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் இருக்கிறது.

மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் ஒன்று மட்டும். இறங்கும்போது படிக்கட்டில் இறங்குங்கள்.