மடித்த நுனி

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு மேற்பார்வையாளர் ஆறாம் எண் தட்டிலிருந்து நேர் இடுக்கியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வளைந்த இடுக்கியை வைத்தாள். புதுப்பொண்ணு டேப் எடுக்க அலமாரிப் பக்கம் போயிருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒட்டிய பெயர், இன்னும் உரியவில்லை.

புதுப்பொண்ணு திரும்பி வந்தாள். மேஜையில் இருந்த படத்தைப் பார்த்தாள். விரலை ஒவ்வொரு கருவியின் மேலும் நகர்த்தினாள். வளைந்த இடுக்கியின் மேல் விரல் நிற்கவில்லை. நீலத் துணியின் நான்கு மூலைகளையும் மடித்து, டேப் ஒட்டி, தள்ளுவண்டியில் வைத்தாள். அடுத்த தட்டை இழுத்தாள்.

மேற்பார்வையாளர் வெளியே வந்தாள்.

அறுவைக்கூடங்களிலிருந்து கழுவி வரும் கருவிகளை எண்ணித் தட்டில் அடுக்கி, துணி சுற்றி, ஆவியில் கிருமி நீக்கி அனுப்பும் பிரிவு அது. இருபத்திரண்டு பெண்கள். பெரிய அறையில் மேஜைக்கு இரண்டு நாற்காலி, எதிரெதிரே. ஒருத்தி அடுக்குவாள், ஒருத்தி பார்ப்பாள். பல வருடங்களாக அப்படித்தான். புது முறையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படம் உண்டு. படத்தைப் பார்த்து ஒருத்தியே அடுக்கி, ஒருத்தியே சுற்றிவிடலாம். முதலில் நான்கு பேரை வைத்து ஆறு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்றார் நிர்வாகி. நான்கு பேரையும் மேற்பார்வையாளர்தான் பொறுக்கினாள். நல்ல கைகளாகப் பார்த்து எடுத்தாள். புதுப்பொண்ணு அதில் ஒருத்தி. பக்கத்து அறையில் நான்கு மேஜை போட்டார்கள். மேஜைக்கு ஒரு நாற்காலி.

ஆறு வாரத்தில் அந்த அறையிலிருந்து போன ஒரு தட்டுகூடத் திரும்பி வரவில்லை. சுவர்ப் பலகையில் வரிசையாகப் பூஜ்யங்கள். பெரிய அறையில் இரண்டு பேர் பார்த்தும் வாரத்துக்கு ஒரு தட்டாவது குறையோடு திரும்பும். நிர்வாகிக்குப் பூஜ்யங்கள் பிடித்திருந்தன. மேற்பார்வையாளருக்கு அவை உறுத்தின. அதனால்தான் இடுக்கியை மாற்றி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் புது முறை எல்லோருக்கும் வரும். இருபத்திரண்டு பேர் செய்யும் வேலைக்குப் பதினோரு பேர் போதும். அதை நிர்வாகி அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் பெண்களிடம், சும்மா ஒரு சோதனைதான் என்று சொல்லியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், தள்ளுவண்டி ஆவிப் பெட்டிக்குப் போகும் முன் ஆறாம் எண் தட்டை எடுத்துக்கொண்டாள். கிடங்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் துணியைப் பிரித்தாள்.

நேர் இடுக்கி இருந்தது.

எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு கழற்றிய டேப்பைப் பார்த்தாள். அதன் நுனி நகத்தளவு உள்பக்கமாக மடிந்திருந்தது. அறுவைக்கூடத்தில் கையுறை போட்டவர்கள் பிய்க்கத் திணறக் கூடாது என்று அப்படி மடிப்பவள் அந்தப் பிரிவில் ஒருத்திதான், அந்த நால்வரில் இன்னொருத்தி. கடுகளவு திருகாணி ஒன்று குறைவதை எட்டடி தூரத்திலிருந்து சொன்னதால் அவளுக்குக் கழுகு என்று பெயர். பதவி உயர்வு வரும்வரை ஒன்பது வருடம் மேற்பார்வையாளர் அந்தக் கைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கணவரோடு கடைக்குப் புறப்பட்டாள். அவர் கதவைப் பூட்டினார். அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“இருபது வருஷமா இழுக்குறே. என்னை நம்பவே மாட்டியா?”

“உங்களை நம்புறேன். பூட்டைத்தான் நம்பல.”

அவர் சிரித்தார். அவள் படியில் நின்றுவிட்டாள். மடித்த டேப் நுனி நினைவுக்கு வந்தது.

வியாழன் மதியம் அவள் பக்கத்து அறைக்குப் போனாள். கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. நான்கு சாப்பாட்டு டப்பாக்கள் ஜன்னல் விளிம்பில் திறக்காமல் இருந்தன. முந்தின சாயங்காலமும் அன்று காலையும் சுற்றிய தட்டுகள் எல்லாம் மறுபடி பிரிந்திருந்தன. நான்கு பேரும் இடம் மாறி உட்கார்ந்து, ஒருத்தியின் தட்டை இன்னொருத்தி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தாள். கழுகு தலை நிமிரவில்லை.

“வா மேடம். கையும் களவுமா பிடிச்சாச்சு.”

“எத்தனை நாளா நடக்குது?”

“ரெண்டாவது நாள்லேருந்து.”

“முத நாளே நான் ஒரு கத்தரிய விட்டுட்டேன்க்கா” என்றாள் புதுப்பொண்ணு. “தட்டு போறதுக்குள்ள இவங்க பார்த்துட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

கழுகு எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “சொன்னா நீ எழுதணும். எழுதினா உன் தலைதான்டி உருளும். இத்தனை பேர்ல எங்களைப் பொறுக்கி எடுத்தே. உன் மூஞ்சில நாங்க கரியப் பூசவா?”

“அதுக்காகச் சாப்பிடாமயா?”

“பத்து நிமிஷத்துல முழுங்கிடுவோம். இவளுக்குத்தான் தினமும் விக்கும். யாரோ நினைக்கிறாங்கன்னு வெட்கப்படுவா.”

புதுப்பொண்ணு சிரித்தாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார நாற்காலி இல்லை.

“இது நல்லா வந்துட்டா, பாதிப் பேர் போதும்னு சொல்றாங்க” என்றாள்.

பெரிய அறையில் யாரோ கருவிகளைக் கொட்டும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

“எந்தப் பாதி?” என்று கேட்டாள் புதுப்பொண்ணு.

“தெரியாது.”

“அப்ப இவ்வளவு நாளா எங்க தலையில நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தோமா?”

கழுகு மட்டும் மேற்பார்வையாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உனக்கு எப்பத் தெரியும்?”

“ஆரம்பிக்கும்போதே.”

கழுகு துணியை இழுத்து மூடினாள். டேப்பை ஒட்டினாள். நுனியை மடித்தாள்.

“சரி, நீங்க போங்க மேடம். தட்டெல்லாம் அனுப்பணும்.”

ஒன்பது வருடத்திலும் அதற்குப் பிறகும் கழுகு அவளை மேடம் என்று கேலிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நீங்க என்று சொன்னதேயில்லை.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அவள் அறிக்கைப் படிவத்தை எடுத்து எழுதினாள். நான்கு பேரும் மதிய நேரத்தில் தட்டுகளை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார்கள் என்று எழுதினாள். ஆகவே ஒருவர் மட்டும் செய்யும் முறை இந்த ஆறு வாரத்தில் நடக்கவே இல்லை என்று எழுதினாள். அவர்களிடம் முழு விவரத்தைத் தான் சொல்லவில்லை என்றும் எழுதினாள். வார்த்தைகள் குறைவாக இருந்தன. எழுத வெகுநேரமாயிற்று. கடைசிக் கட்டத்தில் பிழைகளின் எண்ணிக்கையும், எதிரே பிழை செய்தவரின் பெயரும் கேட்டிருந்தது. மதியங்களில் எத்தனை தட்டுகள் திருத்தப்பட்டன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரு கத்தரிக்கு எதிரே எழுத ஒரு பெயர் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டுப் பேனாவை மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பெரிய அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்தாள். நாற்காலியின் கால் கதவில் இடித்தது. மற்ற மூவரும் திரும்பினார்கள். கழுகு திரும்பவில்லை. மேற்பார்வையாளர் நாற்காலியை அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். படிவத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நான் அடுக்கிட்டேன்” என்றாள். “நீ பார்த்துச் சொல்லு.”

கழுகு கையிலிருந்த இடுக்கியை அதன் இடத்தில் வைத்தாள். கைகளைத் துணியில் துடைத்தாள். படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கருவிகளை எண்ணும்போது போலவே விரலை முதல் வரியில் வைத்து மெல்ல நகர்த்தினாள். நகத்தோரம் டேப் பசை கறுத்திருந்தது. விரல் இரண்டாம் வரிக்கு வந்தது, மூன்றாம் வரிக்கு வந்தது. ஓரிடத்தில் தயங்கிப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. கடைசிக் கட்டத்தில் நின்றது.

புதுப்பொண்ணு தன் மேஜையில் எண்ணுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுகின் விரல் பெயர் எழுத வேண்டிய அந்த வெற்றிடத்தின் மேலேயே இருந்தது.