எதிர் வீட்டில் இறங்கிய புறா

முதலில் ஒரு விளக்கம். மண்ணாங்கட்டி என்பது இந்த வலைப்பூவுக்காக நான் வைத்துக்கொண்ட புனைபெயர் அல்ல. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால், எமன் திரும்பிப் பார்க்காத ஒரு பெயராக என் பெற்றோர் தேடி வைத்தார்கள். எமன் திரும்பிப் பார்க்கவில்லை. வங்கியில் இருக்கும் பெண்தான் ஒவ்வொரு முறையும் ஆதார் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிறாள்.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கப்பல் சரக்குக்கான காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு நடுவில் இணையத்தில் எதையாவது கண்டுபிடிப்பது என் வாழ்க்கை. தவளைகள் கத்துவதை நாடு நாடாகத் தொகுத்து வைத்திருக்கும் தளத்தைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். மூடப்பட்ட ரயில் நிலையங்களின் டீ விலைப் பட்டியலைப் பற்றியும் எழுதியிருந்தேன். போன மாதம் கிடைத்தது இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற சமாச்சாரம். ஏதாவது ஒரு பாட்டைக் கொடுத்தால், பாடுகிற குரலை மட்டும் உருவி எடுத்துவிட்டு மற்ற சத்தங்களைத் தனியாகத் தருகிற ஒரு தளம். இலவசம். இலவசம் என்றால் நான் விடமாட்டேன்.

எதை உருவுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு சந்தில் இருக்கிறது. சந்து அகலம் என்னவென்றால், எதிர் வீட்டில் தாளித்தால் நாங்கள் தும்முவோம். அந்த எதிர் வீட்டு மாடியில் தினமும் சாயங்காலம் செங்கொடி கானா பாடிப் பழகுவாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று மேடை ஏறுவாள். தாளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். சொந்தமாகவே கட்டுவாள்:

*எண்ணூரு ரோட்டுல டிரைலரு லைனு,*
*எப்பதான் நவுருமோ நம்ப கல்யாண ஃபைலு.*

இதை என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அந்தத் தளத்தில் போட்டேன். செங்கொடியின் குரல் போய்விட்டது. குடத்துத் தாளம் தேய்ந்துபோய் எங்கோ தூரத்தில் கேட்டது. ஆனால் அதுவரை நான் கவனிக்காத ஒன்று பளிச்சென்று எழுந்து நின்றது. தானிய டப்பாவைக் குலுக்கும் சத்தம், அதன் மேல் நீளமாக இழுத்து, கடைசியில் மேலே தூக்கி முடிக்கிற ஒரு விசில்.

அது செங்கொடியின் மாமா தேசப்பன். மாடி அவருடையது. பகலில் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மிச்ச நேரமெல்லாம் புறா.

பந்தயப் புறா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: க்ளப்காரர்கள் எல்லாருடைய புறாக்களையும் கூண்டில் ஏற்றி ஆந்திரா பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். அது தானாக வீடு தேடி வரவேண்டும். காலில் ஒரு ரப்பர் வளையம், அதன் உள்பக்கம் ஒரு நம்பர். வந்த புறாவைக் கையில் பிடித்து, வளையத்தைக் கழற்றி, அந்த நம்பரை க்ளப்புக்கு மெசேஜ் அனுப்பினால்தான் வந்ததாகக் கணக்கு. குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

தேசப்பண்ணன் ஆறு வருடமாக விடுகிறார். ஒரு தடவைகூட அவர் அந்த மெசேஜை அனுப்பியதில்லை. அவருடைய புறாக்கள் மறுநாள் வரும், மூன்றாம் நாள் வரும். ஒன்று பதினெட்டாம் நாள் நடந்து வந்தது. க்ளப்பில், "தேசப்பன் புறாவுக்கு வூட்டு அட்ரஸ் தெரியாதுப்பா" என்று சொல்லிச் சிரிப்பார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, வீட்டில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் என்று செங்கொடி சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தடவை அவர் விட்டது பாப்பா என்கிற சாம்பல் நிறப் பெட்டையை. முட்டையிலிருந்தே வளர்த்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு விஜயவாடாவில் திறப்பு. மதியம் இரண்டு மணி வரைக்கும் நேரம்.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் நண்டு. என் மனைவி கார்குழலி நண்டு கழுவும்போது சமையலறைப் பக்கம் நான் இருக்கக் கூடாது என்பது கல்யாணமான முதல் வருடமே போட்ட சட்டம்.

"யோவ், அந்த டப்பாவ எட்துனு மேல போ. காலைலேந்து அதே விசிலு, அதே விசிலு. காதுல பூச்சி பூந்தா மாதிரி கீது."

டப்பா என்று அவள் சொன்னது என் புது ப்ளூடூத் ஸ்பீக்கரை. எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். எதிர் மாடியில் யாரும் இல்லை. காலை எட்டிலிருந்து வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்த மனிதர், பன்னிரண்டே முக்காலுக்குச் சரியாகப் பாத்ரூமுக்கு இறங்கியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. நான் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தேன். டப்பா குலுங்கியது. விசில் நீளமாகப் போய் மேலே தூக்கி முடிந்தது. எவ்வளவு அழகு, இதைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தலைக்கு மேல் படபடவென்று ஏதோ இறங்கியது.

கண்ணைத் திறந்தால், தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் பாப்பா. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விஜயவாடாவிலிருந்து ஒரே மூச்சாக வந்த புறா, வீட்டுக்கு இருபதடி முன்னால், முதலாளி கூப்பிடுகிறார் என்று நம்பி என் தொட்டியில் இறங்கியிருக்கிறது.

சட்டென்று ஸ்பீக்கரை நிறுத்தினேன். அதுவும் தப்பு. கூப்பிட்டவர் காணாமல் போனதும் பாப்பா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

எதிர் மாடியில் தேசப்பண்ணன் வேட்டியைச் சரி செய்துகொண்டே ஏறி வந்தார். பின்னால் செங்கொடி. முதலில் வானத்தைப் பார்த்தார். அப்புறம் என் தொட்டியைப் பார்த்தார். நான் பார்த்த வரையில், ஒரு மனிதன் முகம் அவ்வளவு வேகமாக மலர்ந்து அவ்வளவு வேகமாக வாடியதில்லை.

"பாப்பா! ஏய் பாப்பா! இங்க பாரு, இங்க!"

டப்பாவைக் குலுக்கினார். பாப்பா திரும்பிப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

"விசில் அடி மாமா," என்றாள் செங்கொடி.

உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு மறுபடியும் குவித்தார். பஞ்சரான டியூபிலிருந்து வருவது போல ஒரு உஸ். செங்கொடி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். உதடு நடுங்கியது. விசில் வரவில்லை.

"நான் எகிறிப் புடிக்கட்டா அண்ணே?" என்று கத்தினேன்.

"வோணாம் நைனா! கிட்ட போனா பயந்து எங்கனா பூடும். மேல பாரு, பருந்து சுத்திகினு கீது."

மீன் காயப்போடுகிற ஊரில் பருந்துக்கு என்ன பஞ்சம். இரண்டு வட்டமிட்டுக்கொண்டிருந்தன. மணி ஒன்று ஐந்து. ஒன்று இருபது. அவர் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் உதட்டைக் குவிப்பதும், உஸ் என்று முடிவதுமாக இருந்தது. ஒன்றரைக்கு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

"அவங்க சொன்னது கரெக்ட்டு தான் செங்கொடி. நம்ப புறாவுக்கு வூடு தெர்ல. இந்தாண்ட அந்தாண்ட, ரெண்டு மாடி. அதுகூட தெர்ல பாரு. நான் தான் ஒயுங்கா வளக்கல."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த முக்கால் மணி நேரமும் ஸ்பீக்கரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. தானாகப் பறந்துவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று தொட்டிக்கு அடியில் நல்ல பிள்ளையாக நின்றிருந்தேன். நான் தைரியசாலி என்று இந்த வலைப்பூவில் எங்கேயாவது எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். ஆனால் 'நான் தான் ஒயுங்கா வளக்கல' என்று அவர் சொன்னதும், கையிலிருந்த ஸ்பீக்கர் குக்கர் மாதிரி கனத்தது.

"அண்ணே, அதுக்கு வூடு தெரியும்ணே! நேரா உங்க வூட்டுக்கு தான் வந்துச்சி. நான் தான் கெடுத்தேன்."

"இன்னாடா சொல்ற?"

"உங்க விசில இதுல போட்டேன். சத்தமா. நீங்க கூப்டுறீங்கன்னு நெனச்சி இங்க எறங்கிடுச்சி."

 கீழே ஐஸ் வண்டிக்காரர்கூட மணியடிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். செங்கொடி முதலில் வாயைத் திறந்தாள்.

"அட பேமானி அண்ணே!"

தேசப்பண்ணன் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "என் விசிலா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தொட்டியைப் பார்த்து, "அப்ப வந்துச்சா? கரெக்ட்டா வந்துச்சா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

"கரெக்ட்டா வந்துச்சிண்ணே. அதே விசில அங்கேந்து போடறேன். இருங்க."

ஓடினேன். மூன்று மாடி இறங்கி, சந்தைத் தாண்டி, மூன்று மாடி ஏறினேன். என் உடம்புக்கு இது விஜயவாடா தூரம். நடுவில் நண்டுக் கையோடு கார்குழலி எதிரில் வந்து, "தீ புட்ச்சிகிச்சா?" என்று கேட்டாள். பதில் சொல்ல மூச்சில்லை. தேசப்பண்ணன் மாடியில் போய் நின்று, போனை உயரத் தூக்கிப் பிடித்து, வேர்த்த கட்டை விரலால் அழுத்தினேன்.

இரண்டு தவறுகள். ஒன்று, ஸ்பீக்கரை என் மாடியிலேயே, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சந்து குறுகல் என்பதால் போன் இன்னமும் அதோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு, நான் அழுத்தியது விசிலை அல்ல.

அந்தத் தளத்தில் செங்கொடியின் குரலை எடுத்தபிறகு, மிச்சத்தைக் காதில் கேட்டுக்கொண்டே நானே ஒரு தடவை பாடிப் பதிவு செய்திருந்தேன். அலுவலகத்தில், எல்லாரும் சாப்பிடப் போனபோது. யாருக்கும் போட்டுக் காட்டுவதாக இல்லை. இப்போது அது காலடிப்பேட்டைக்கே கேட்டது.

"எண்ண்ண்ணூரு ரோட்டுல..."

பாப்பா சுட்டது போல எழுந்தது. எருமை தொண்டையைச் செருமுவது போன்ற அந்தக் குரல் "டிரைலரு" வரை போவதற்குள், அது தொட்டியை விட்டுத் தென்னை உயரத்துக்குப் போய்விட்டது.

"நிறுத்துடா!" என்றார் தேசப்பண்ணன். நான் நிறுத்தத் தேடுகிறேன், விரல் வழுக்குகிறது, பாட்டு "கல்யாண ஃபைலு"க்கு வந்துவிட்டது. கடைசியில் அந்த 'லு'வை நான் ஒரு இழுப்பு இழுத்திருந்தேன். கானாக்காரர்கள் இழுப்பார்களே, அப்படி இழுப்பதாக நினைத்து.

செங்கொடி குடத்தின் மேல் விழுந்து சிரித்தாள். "மாமா, சாமி, இது எம்பாட்டா மாமா?"

தேசப்பண்ணனுக்கு முதலில் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. காலையிலிருந்து இறுகிப்போயிருந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "டேய் மண்ணாங்கட்டி," என்று தொடங்குவார், முடிக்க முடியாமல் திரும்பச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தார். பாப்பா வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவர் யோசிக்கவே இல்லை. உதடு தானாகக் குவிந்தது.

விசில் வந்தது. நீளமாகப் போய், மேலே தூக்கி முடிந்தது.

பாப்பா இறக்கையை மடக்கிக்கொண்டு நேராகச் சரிந்து கூண்டின் பலகையில் வந்து உட்கார்ந்தது. உள்ளே நடந்து போய்த் தண்ணீரில் மூக்கை வைத்தது. அதற்கு எதுவுமே நடக்காதது போல இருந்தது.

வளையத்தைக் கழற்றி அவர் நீட்ட, நம்பரைச் செங்கொடி படித்தாள். போனில் தட்டியது அவர்தான். நான் தட்டித் தருகிறேன் என்றதற்கு, "நீ போன தொடாத," என்றார். ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு மெசேஜ் போனது. அதற்குள் எங்கள் மாடியில் கார்குழலி ஏறி வந்து நின்றிருந்தாள்.

"ஆறு வருசமா உங்களால ஆகாதத ஒரே பாட்டுல முட்சிட்டாருப்பா எங்க வூட்டுக்காரரு," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கால் மணி நேரத்தில் க்ளப் செயலாளர் பிலால் பாய் அழைத்தார். தேசப்பண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா தேசப்பா, வந்துருச்சி போல! பதினேயாவது பிளேசு."

"எத்தினி வந்துச்சி பாய்?"

"பதினேயு தான் வந்துச்சி."

"சர்தான் பாய்," என்றார். முதல் பரிசு வாங்கியவர்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

"ஆனா பன்னெண்டே முக்காலுக்கே ஒன் ஏரியாவுல ஒரு புறா எறங்கறத நம்ப பையன் ஒருத்தன் பாத்தேன்றான். ஒன்னுதா? ஒரு மணி நேரம் இன்னா பண்ணிகினு இருந்துச்சி?"

 விஷயம் க்ளப்புக்குத் தெரிந்தால், மாதவரத்திலிருந்து எண்ணூர் வரை என் பெயர் மண்ணாங்கட்டியாகக்கூட மிஞ்சாது. தேசப்பண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எதிர் வூட்ல நம்ப தோஸ்து ஒருத்தரு கூப்ட்டாரு பாய். மரியாதக்கி குந்திட்டு வந்துச்சி."

போனை வைத்ததும், "எதுக்குண்ணே பொய்?" என்று கேட்டேன்.

"இதுல பொய் இன்னா கீது? நீ கூப்ட்டியா, இல்லியா?"

பாப்பாவைக் கூண்டிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். இத்தனை வருடத்தில் நான் ஒரு புறாவைக் கையில் பிடித்ததே இல்லை. காகிதம் மாதிரி லேசாக இருந்தது, உள்ளே மட்டும் இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் வாயைத் திறந்தேன். பாப்பா கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. மூடிக்கொண்டேன்.