சாராள் உயர மெழுகுவர்த்தி

"எட்டு மணி நேரம் ஓடும் பெரியவரே, நிம்மதியா தூங்கலாம்" என்று மோகன்ராஜ் நான்காவது முறையாகச் சொன்னபோது எபினேசருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஓரத்தில் இருந்தது மோகன்ராஜின் ஷெட். வேனுக்குள் கட்டில் போட்டு, கூரையில் ஏசி மாட்டி, கட்டிலுக்கடியில் பேட்டரி வைத்துக் கொடுப்பது அவன் தொழில். எபினேசரின் மகன் ஸ்டீவன் தன் பழைய வேனை அங்கே விட்டிருந்தான். எல்லாம் அம்மா சாராளுக்காக. கத்திரி வெயிலில் மீஞ்சூர் ஸ்டேஷனில் சாய்ந்து விழுந்தவள் நான்கு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். இனிமேல் வெக்கையை இதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிழைத்தால் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைப்பதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு அவள் நேர்ந்திருந்தாள். கொடியேற்றக் கூட்டத்தில் அங்கே ரூம் கிடைக்காது. திடலில் வண்டிக்குள்ளேயேதான் கிடக்க வேண்டும். திடலில் கரண்டுக்கு எங்கே போவது? அவள் உயிர் அந்தப் பேட்டரி தலையில்தான்.

எபினேசர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் முப்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். டேங்கு எவ்வளவு, குழாய் எவ்வளவு என்று தெரிந்தால் எப்போது காலியாகும் என்று விரலை மடக்கிச் சொல்லிவிடுவார்.

"தம்பி, பேட்டரி எவ்ளோ புடிக்கும்? ஏசி மணிக்கு எவ்ளோ குடிக்கும்? ரெண்டே கேள்வி."

"அதெல்லாம் ஆப்ல காட்டும் பெரியவரே."

"எனக்கு ஆப்பு வெக்காத. வாய்ல சொல்லு."

ஸ்டீவனுக்கு வெட்கமாகப் போயிற்று. "உடு நைனா. நேத்து காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் ஓடிச்சி. நானே பாத்தேன்."

"எங்க நிக்க வெச்சி?"

"இங்கதான், ஷெட்டுக்குள்ள."

எபினேசர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம், சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் புறப்பட்டுச் சுவர் பிளக்கில் போய் முடிந்திருந்தது.

"இது இன்னா?"

"அது... சார்ஜ் கொறையாம இருக்கட்டும்னு..."

"ஏத்திக்கினே ஓட்டுனா எட்டு மணி நேரம் இன்னா, எட்டு வருஷம் ஓடும்டா! ஒரு பக்கம் ரொப்பிக்கினே இன்னொரு பக்கம் தொறந்து உட்டா டேங்கு எப்படா காலியாவும்? இந்த வேலய நான் லாரிலயே பாத்துட்டேன்!"

ஒயரை அவரே பிடுங்கினார். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய், சாராள் வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு.

"இத எதுக்கு நைனா தூக்கினு வந்த?"

"பின்ன உங்கம்மாவ உள்ள உக்கார வெச்சா பாக்கச் சொல்ற?"

மெழுகுவர்த்தியைக் கட்டில் காலோடு அடியில் ஒரு கட்டு மட்டும் போட்டு நிறுத்தினார். தானும் எதிரே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மணி பதினொன்றரை.

முதலில் ஜில்லென்றுதான் இருந்தது. மோகன்ராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒன்றே முக்காலுக்கு ஏசி ஒரு முறை செருமியது. அப்புறம் மூச்சு இல்லை. தகரக் கூரை அனலை அப்படியே உள்ளே இறக்கியது.

"நைனா, வெளில வா!" ஸ்டீவன் கதவைத் தட்டினான்.

"இரு. பாத்துட்டுதான் வருவேன்."

சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. வெகுநேரம் மெழுகுவர்த்தி நேராகவே நின்றது. பிறகு அதன் தலை, யாரோ மெல்ல அழுத்தியதுபோல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீஞ்சூர் ஸ்டேஷனில் சாராள் இப்படித்தான் சாய்ந்தாள், சத்தமே இல்லாமல்.

அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எபினேசர் இறங்கினார்.

"இன்னிக்கி வெயில் ஜாஸ்தி பெரியவரே, அதான்..." என்று மோகன்ராஜ் இழுத்தான்.

"வெயிலுக்குத்தானேடா ஏசி! மார்கழி மாசத்துக்கு எவன்டா உன்கிட்ட ஏசி கேட்டான்?"

மோகன்ராஜ் ஸ்டீவனைப் பார்த்தான். இந்தக் கிழத்தைக் கூட்டிக்கொண்டு போ என்கிற பார்வை. ஸ்டீவன் வளைந்த மெழுகுவர்த்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அது எங்கம்மா உயரம்ணா" என்றான். "நெசத்தச் சொல்லுங்க. எவ்ளோ நேரம்?"

மோகன்ராஜ் தரையைப் பார்த்தான். "உச்சி வெயில்ல ரெண்டு மணி நேரம். எட்டு மணி நேரம்னா இதுமாதிரி நாலு பேட்டரி வேணும்."

"இதச் சொல்ல வாய் வலிச்சிச்சா?" என்றார் எபினேசர்.

ஷெட் வாசலில் 'எட்டு மணி நேர ஏசி' என்று பெரிதாக எழுதிய போர்டு இருந்தது. எபினேசர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் கீழேயே உட்கார்ந்தார். மெழுகுவர்த்தியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"நாலு பேட்டரி வெக்கிற வரைக்கும் நான் இங்கதான். வர்றவன் போறவன்லாம் இது ஏன் கோணிக்கினு இருக்குதுன்னு கேப்பான். சொல்லணும் இல்ல?"

மாலைக்குள் இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டாவது ஆள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதும் மோகன்ராஜ் போனை எடுத்து மூன்று பேட்டரி அனுப்பச் சொன்னான்.

சாராள் போனில் கூப்பிட்டாள். "இன்னாங்க, மெழுவர்த்தி வளைஞ்சிடுச்சாமே? ஸ்டீவன் சொன்னான். வேற ஒண்ணு வாங்கட்டா?"

"ரெண்டா வாங்கு" என்றார் எபினேசர். "ஒண்ணு மாதாவுக்கு. ஒண்ணு நாளைக்கு உச்சி வெயிலுக்கு."